பழைய புத்தகம் தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்பது, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்பது, ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பது என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்கிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. நான் பேராசிரியர் இல்லை, விமர்சகரும் இல்லை. இருபது வருஷமாகப் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடி வாங்கிப் படிக்கிறவன், அவ்வளவுதான். அதனால் கீழே இருப்பதில் என் விருப்பு வெறுப்பு நிறையவே கலந்திருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது? 'படிக்க வேண்டிய 100 நூல்கள்' பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

பட்டியலை மூடி வையுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு புத்தகத்தை எடுத்து, அதில் வருகிற பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னுரையில் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார், உள்ளே யாரைத் திட்டியிருக்கிறார், எந்த ஊரில் யாரைப் பார்க்கப் போனார் என்பதெல்லாம்தான் வழி. நூல் பிடித்துப் போவது என்பார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு அந்த நூல் கிடைத்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தபோது. பதினேழு வயதுப் பையனாக மாயூரத்துக்கு, அதாவது இன்றைய மயிலாடுதுறைக்கு, மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்க வருகிறார். அதே ஊரில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருக்கிறார். பையனின் அப்பாவே சங்கீதக்காரர், அதனால் பாரதியாரிடம் பாட்டும் கற்றுக்கொள் என்கிறார். கொஞ்ச நாள் போகிறது. விஷயம் பிள்ளையின் காதுக்கு எட்டுகிறது, பாட்டில் கவனம் போனால் இலக்கணம் ஏறாது என்கிற மாதிரி அவர் சொல்ல, பாட்டு நிற்கிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அதே மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை, மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நண்பர். அவர்மீது மகாவித்வான் 'குளத்தூர்க் கோவை' பாடியிருக்கிறார். அந்த முன்சீப்தான் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர். ஆக, ஒரே ஊர், ஒரு சில தெரு, அதில் தமிழின் முதல் நாவல், தமிழின் மிகச் சிறந்த தன்வரலாறு, ஒரு பெரிய இசைக்காரர். எந்தப் பட்டியலும் இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்து எனக்குச் சொன்னதில்லை.

'பிரதாப முதலியார் சரித்திரம்' உண்மையிலேயே இன்றைக்குப் படிக்கக்கூடியதா, இல்லை முதல் நாவல் என்கிற மரியாதைக்காகச் சொல்கிறீர்களா?

பாதிக்குப் பாதி. 1879இல் அச்சான புத்தகம். தமிழில் உரைநடை நூல்கள் இல்லையே என்கிற குறையைத் தீர்க்கத்தான் எழுதினேன் என்று அவரே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். அதனால் உபதேசம் வரும், நீளமாக வரும், கதை பாட்டுக்கு ஓரமாக நின்றுகொண்டிருக்கும். அந்த இடங்களைத் தயங்காமல் தாண்டிப் போங்கள், முன்சீப் சமன் அனுப்ப மாட்டார். நடுநடுவே வருகிற கிண்டலும் குட்டிக்கதைகளும் நன்றாக இருக்கும். கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு ராஜ்யத்தையே ஆள்கிற பகுதி இன்றும் விறுவிறுப்பு.

ஒன்றே ஒன்று படிப்பேன் என்றால் நான் கையில் கொடுப்பது பி.ஆர்.ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 1893 முதல் தொடராக வந்து 1896இல் புத்தகமானது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருபதை ஒட்டிய வயது, 1898இல் இருபத்தாறு வயதில் இறந்தே போய்விட்டார். அதில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ்ப் பண்டிதர் வருவார். அவருக்காகவே வாங்கலாம். ஊர் வம்பு, பெண்கள் கூடிப் பேசுகிற பேச்சு எல்லாம் நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் புளிக்கவில்லை. கடைசிப் பகுதி வேதாந்தத்தில் போய் முடியும், அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது.

அதிகம் பேசப்படாத நாவல் ஒன்று சொல்லுங்கள். 'பொன்னியின் செல்வன்' எல்லாம் படித்தாகிவிட்டது.

ப.சிங்காரம், 'புயலிலே ஒரு தோணி'. இன்றைக்கு இலக்கிய வட்டத்தில் இதைத் தெரியாதவர் இல்லை, ஆனால் வட்டத்துக்கு வெளியே கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒருவர் சொன்னால் அதிகம். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், இளம் வயதில் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர், போருக்குப் பிறகு திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். மொத்தம் இரண்டே நாவல்கள். முதலாவது 'கடலுக்கு அப்பால்', இரண்டாவது 1972இல் வந்த இது. வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, அவரும் அதற்குப் பிறகு நாவல் எழுதவில்லை, 1997இல் காலமானார்.

கதை இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜப்பான் படை மேடானுக்குள் வருகிற இடத்தில் தொடங்கும். வட்டிக்கடைச் செட்டியார்கள், அவர்கள் கடைப் பையன்கள், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், துப்பாக்கி, தண்ணியடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைக் கிழித்துத் தொங்கவிடுகிற உரையாடல்கள் என்று போகும். பாண்டியன் என்கிற கதாநாயகன் சுமத்ராவில் நின்றுகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கிற பகுதிகளைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். முதல் முப்பது பக்கம் மலாய்ச் சொல், டச்சுத் தெருப்பெயர் என்று மிரட்டும். பயப்படாமல் உள்ளே போய்விட்டால் போதும்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. பனையேறிகள் வாழும் குமரி மாவட்டக் கிராமம், நொடித்துப்போன ஒரு பெரிய வீடு, வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைபட்டுப்போகிற லிஸி, அவள் விரும்புகிற பனையேறி மகன். மெல்லிய புத்தகம், ஒரே மூச்சில் முடியும், ஆனால் பேச்சுமொழி மட்டும் மற்ற மாவட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் பழக வேண்டும். மற்றொன்று சம்பத்தின் 'இடைவெளி'. அவர் எழுதிய ஒரே நாவல், சாவு என்றால் என்ன என்று ஒரு குடும்பஸ்தன் மூளையைக் கசக்கிக்கொள்கிற கதை. நூறு பக்கத்துச் சொச்சம்தான். மனசு சரியில்லாத வாரத்தில் மட்டும் எடுக்காதீர்கள்.

வாழ்க்கை வரலாறு என்றாலே பிறந்தார், படித்தார், புகழ் பெற்றார் என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறதே?

அந்த மாதிரி புத்தகங்கள்தான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். தப்பிக்க ஒரு வழி, கதாநாயகனை நேரில் அறிந்தவர் எழுதியதைத் தேடுவது. தொ.மு.சி.ரகுநாதன் எழுதிய 'புதுமைப்பித்தன் வரலாறு' 1951இல் வந்தது, புதுமைப்பித்தன் இறந்து மூன்றே வருஷத்தில். நண்பராக எழுதியதால் கோபமும் துக்கமும் ஆறாமல் இருக்கும். சில இடங்களில் பட்சபாதம் பளிச்சென்று தெரியும். தெரியட்டுமே, அந்தச் சூடுதான் புத்தகம்.

'என் சரித்திரம்' பற்றி இன்னும் கொஞ்சம். 1940இலிருந்து 'ஆனந்த விகடன்' இதழில் வாராவாரம் வந்தது, 1942இல் அவர் இறந்ததால் பாதியில் நின்றது, புத்தகமாக 1950இல் வந்தது. நாற்பத்து நாலு வயது வரைக்குமான கதைதான் கிடைக்கும். மிச்சத்துக்கு அவர் மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய 'என் ஆசிரியப்பிரான்' இருக்கிறது. தடிமனைப் பார்த்து ஒதுங்க வேண்டாம், ஒவ்வொரு அத்தியாயமும் வாரப் பத்திரிகைக்காக எழுதியது, காபி குடிக்கிற நேரத்தில் ஒன்று முடிந்துவிடும்.

வேறு மாதிரி வேண்டும் என்றால் ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்'. மணலூர் மணியம்மாள் என்கிற பெண்ணைப் பற்றியது. பிராமணக் குடும்பத்தில் இளம் வயதிலேயே விதவையானவர், முடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டு வேட்டி சட்டை போட்டுக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்ணையாட்களைத் திரட்டிச் சங்கம் கட்டினார். 1953இல் ஒரு மான் முட்டி இறந்துபோனார். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ராஜம் கிருஷ்ணன் அந்த ஊர்களுக்கே போய்த் தெரிந்தவர்களைக் கேட்டு நாவல் வடிவில் எழுதினார், அதனால் வரலாறா நாவலா என்று அலமாரியில் எங்கே வைப்பது என்பதே குழப்பம். எங்கள் ஊர் நூலகத்தில் நாவல் பக்கம் இருந்தது, வேறு ஊரில் வாழ்க்கை வரலாற்றுப் பக்கம். இரண்டிலும் தேடுங்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் படிக்கலாமா?

படிக்கலாம், வரிசையாக வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் 1736 முதல் 1761 வரை எழுதி வைத்தது. கப்பல் வந்தது, யார் யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் வீட்டில் என்ன வம்பு என்று நாள்கணக்கில் போகும். ஏதாவது ஒரு தொகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து இருபது பக்கம் படியுங்கள். பேச்சுத் தமிழ் அப்படியே எழுத்தில் ஏறியிருக்கும். முற்றுப்புள்ளி தேடாதீர்கள்.

கலை பற்றித் தமிழில் என்னதான் இருக்கிறது? எல்லாம் ஆங்கிலத்தில்தானே?

பளபளப்பான படத்தோடு வருகிற பெரிய புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், உண்மை. ஆனால் தமிழில் இருப்பதைத் தொட்டுப் பார்க்காமலேயே இல்லை என்று சொல்கிறோம்.

முதலில் மயிலை சீனி.வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக்கலைகள்', 1956. கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் என்று பிரித்துப் பிரித்துச் சின்னச் சின்ன வாக்கியத்தில் எழுதியிருப்பார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், அது நடையில் தெரியும். இதைப் பையில் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்கோ சித்தன்னவாசலுக்கோ போய்ப் பாருங்கள், சுவரில் முன்பு வெறும் கறையாகத் தெரிந்தது ஓவியமாகத் தெரிய ஆரம்பிக்கும். தஞ்சாவூர், தாராசுரம் போவதாக இருந்தால் குடவாயில் பாலசுப்ரமணியன் அந்தந்தக் கோயிலுக்கென்றே எழுதிய புத்தகங்கள் உண்டு. கனமானவை, பையில் வேண்டாம், போய் வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்.

இசையில் இரண்டு மலைகள். ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்', 1917. அவர் தஞ்சாவூரில் சித்த மருத்துவர், மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தில் சங்கீத மாநாடுகள் நடத்தி, சொந்தமாக அச்சகமே வைத்து, ஆயிரம் பக்கத்துக்கு மேல் இதை அச்சடித்தார். ஒரு ஸ்தாயிக்கு இருபத்திரண்டு சுருதியா இருபத்து நாலா என்பதுதான் சண்டையின் மையம். இரண்டாவது, மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்'. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் மறைந்தார். அறிவியல் படித்தவர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துக்கொண்டு, வழக்கொழிந்துபோன ஒரு வாத்தியத்தை எண்களைக் கொண்டே திரும்பக் கட்டிப் பார்க்கிற முயற்சி. அந்தச் சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்தது யார்? பாட்டு கற்றுக்கொள்வதைப் பாதியில் விட்ட அதே மாயூரத்துப் பையன், உ.வே.சாமிநாதையர். இப்போது புரிகிறதா நான் ஏன் நூலை விடாமல் பிடிக்கச் சொல்கிறேன் என்று?

அந்த இரண்டு இசைப் புத்தகமும் சங்கீதம் தெரியாதவனுக்குப் புரியுமா?

முழுசாகப் புரியாது. எனக்கும் கணக்கு வருகிற பக்கங்கள் புரியவில்லை. வாதம் செய்கிற பக்கங்கள் புரியும், அது போதுமான விருந்து.

ஓவியர்கள் பற்றி?

சி.மோகனின் 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்று ஒரு நாவல் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்கிற ஓவியர் கிராமத்தில் இருந்து 1973இல் தற்கொலை செய்துகொண்ட ஓவியர் ராமானுஜத்தின் வாழ்க்கையை வைத்து எழுதியது. நாவல், வாழ்க்கை வரலாறு, கலை மூன்றும் ஒரே அட்டைக்குள். படிப்பதற்கு முன்னாலோ பின்னாலோ ராமானுஜத்தின் கோட்டோவியங்களை எங்காவது தேடிப் பார்த்துவிடுங்கள், கோபுரமும் பறக்கிற பிராணிகளும் தொப்பி போட்ட ஒரு மனிதரும் மாறி மாறி வரும்.

மொழிபெயர்ப்புகளைச் சேர்க்கலாமா? மொழிபெயர்ப்பு என்றாலே கடினமாக இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்து வாங்குங்கள், மூல ஆசிரியர் பெயர் அடுத்ததுதான். நேஷனல் புக் டிரஸ்ட் மலிவு விலையில் போட்ட பிற இந்திய மொழி நாவல்கள் ஒரு தலைமுறையையே வளர்த்தன. வங்காளத்திலிருந்து சு.கிருஷ்ணமூர்த்தி கொண்டுவந்த 'நீலகண்டப் பறவையைத் தேடி', த.நா.குமாரசாமி தந்த 'ஆரோக்கிய நிகேதனம்' இரண்டும் தமிழிலேயே எழுதியவை என்று சொன்னால் நம்பிவிடலாம். மலையாளத்தில் தகழி எழுதிய 'தோட்டியின் மக'னைத் தமிழாக்கியது சுந்தர ராமசாமி.

தமிழர் கதை ஆங்கிலம் போய்த் திரும்பி வந்ததும் உண்டு. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். 'பரதேசி' படத்துக்கு அடிப்படை அதுதான். படம் பார்த்தவர்களும் படியுங்கள்.

அச்சில் இல்லாத புத்தகம் எங்கே கிடைக்கும்?

இணையத்தில் முதலில் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், பழைய பதிப்புகள், பத்திரிகைகள் என்று ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஈழத்துப் புத்தகம் என்றால் நேராக நூலகம் திட்டத்துக்குப் போங்கள். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் சின்னஞ்சிறு இதழ்களையும் சேர்க்கிறார்கள். கே.டானியல், எஸ்.பொ., மு.தளையசிங்கம் என்று ஈழத்து எழுத்தாளர்களைத் தேடத் தொடங்கினால் ஒரு வாரம் காணாமல் போய்விடுவீர்கள். பழைய இலக்கியத்துக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம். தேடும்போது தலைப்பை இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள், 'சரித்திரம்' என்பதற்கு 'சரித்ரம்', சேர்த்து எழுதியது, பிரித்து எழுதியது என்று எல்லாம் இருக்கும்.

நேரில் போக முடிந்தால் சென்னையில் 1896இல் திறந்த கன்னிமாரா, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பின்னதின் கதையே ஒரு நாவல். கோட்டையூர் முத்தையா செட்டியார் நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் தள்ளாமல் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே 1994இல் நூலகமாக்கியது. புதுக்கோட்டையில் ஓர் ஆசிரியத் தம்பதி சொந்தச் சம்பளத்தில் வளர்த்த ஞானாலயாவில் முதல் பதிப்புகள் நிறைய உண்டு. இந்த மாதிரி இடங்களில் வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், உட்கார்ந்து படிக்க வேண்டும். நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தையும் மறக்காதீர்கள். அங்கே கடைசி அடுக்கில், முதுகு கிழிந்து பெயரே தெரியாமல் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். 'புத்தம் வீடு' எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

பிடிஎப் இறக்கிப் படிப்பது தப்பா?

ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் தாண்டியிருந்தால், இந்தியச் சட்டப்படி அந்த நூல் எல்லோருக்கும் பொது. இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது என்றால் அறுபது ஆண்டுகூடக் காத்திருக்க வேண்டாம், குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து அரசு பொதுவாக்கிவிட்டது. இரண்டிலும் வராத புத்தகத்தை, அதுவும் கடையில் விற்றுக்கொண்டிருப்பதைத் திருட்டுத்தனமாக அனுப்பாதீர்கள். இருநூறு முந்நூறு பிரதி விற்றாலே பெரிது என்கிற தொழில் இது.

ஒரே புத்தகத்துக்கு ஐந்து பதிப்பு இருக்கிறது. எதை வாங்குவது?

நாட்டுடைமையான நூலை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதில் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு. நான் ஒருமுறை புத்தகக் காட்சியில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு பழைய நாவலை அள்ளிக்கொண்டு வந்தேன். நடுவில் ஓர் அத்தியாயமே இல்லை. 'சுருக்கப் பதிப்பு' என்று எங்கேயும் போடவில்லை. அன்றிலிருந்து மூன்று விஷயம் பார்க்காமல் வாங்குவதில்லை. முதல் பதிப்பு எந்த வருஷம் என்று உள்பக்கத்தில் இருக்கிறதா, ஆசிரியரின் சொந்த முன்னுரை இருக்கிறதா, பதிப்பாசிரியர் என்று ஒருவர் பெயர் இருக்கிறதா. அப்புறம் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள், ஒரே பக்கத்தில் நாலு எழுத்துப்பிழை என்றால் கீழே வைத்துவிடுங்கள்.

பழைய புத்தகக் கடையில் பேரம் பேசலாமா?

தாராளமாக. ஆனால் தேடிக்கொண்டிருந்த புத்தகம் கண்ணில் பட்டதும் முகத்தில் காட்டக் கூடாது. அதை இரண்டு சமையல் புத்தகத்துக்கு நடுவில் வைத்து மொத்தமாக விலை கேட்க வேண்டும். சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கிய பெரியவர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை இது. கடைக்காரர்களுக்கும் இந்த வித்தை தெரியும் என்பதை அவர் சொல்லவில்லை, நானாகக் கற்றுக்கொண்டேன்.

இரவல் கொடுக்கிறீர்களா?

இல்லை. 'இடைவெளி' போனது போனதுதான்.

நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிற புத்தகம் எது?

தேடுவதில் பாதி, இனி கிடைக்கவே முடியாதவை. மயிலை சீனி.வேங்கடசாமி 1959இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகம் போட்டார். உரைகளில் மேற்கோளாக ஒரு பாட்டோ, வெறும் பெயரோ மட்டும் மிஞ்சி, மற்றதெல்லாம் தொலைந்துபோன நூல்களைப் பற்றியது. இதைப் படித்த பிறகு பழைய உரைகளில் ஒரு பெயர் கண்ணில் பட்டால் தாண்டிப் போக மனசு வராது.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், தனக்கு உதவிய இசை நாடக நூல்கள் என்று சிலவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார். அவற்றில் ஒன்று அறிவனாரின் 'பஞ்சமரபு'. ரொம்ப காலம் அது போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். விபுலானந்தர் 'யாழ் நூல்' எழுதியபோது அந்த நூல் அவர் கையில் இல்லை. கொங்கு நாட்டில் தெய்வசிகாமணிக் கவுண்டர் என்கிற புலவர் வைத்திருந்த ஏடுகளிலிருந்து 1970களில் அது அச்சாகி வெளியே வந்தது. என் பிரதியை ஒரு நடைபாதைக் கடையில், ஜோசியப் புத்தகங்களோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒரு கட்டுக்குள் கண்டுபிடித்தேன். சமையல் புத்தகம் கைவசம் இல்லாததால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.